மந்திரப் பள்ளியில் காதலிக்கலாம், சாஸ்திரத்தைத் தொட முடியாது

தோழர்களே, முதலில் ஒரு வாக்குமூலம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஐந்து பேர் கடந்த மூன்று வாரமாக ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து காதலித்துக்கொண்டிருந்தோம். குறிப்பெடுக்க வேண்டிய அம்பேத்கர் தொகுதி பக்கத்தில் குப்புறக் கிடக்க, ராத்திரி பதினொரு மணிக்கு "இப்ப அவன நம்பலாமா, வேணாமா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் 'மேஜிக்கல் டைரி: ஹார்ஸ் ஹால்' என்ற விஷுவல் நாவல். ஹனாகோ கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஐரிஸ் அகாடமி என்றொரு மந்திரப் பள்ளி. அதில் முதலாண்டு சேரும் ஒரு பெண்ணாக நாம் ஆட வேண்டும். பையனாக ஆடும் தொடர்ச்சி ஒன்று 2020-இல் வந்திருக்கிறது. நாங்கள் இங்கே பேசுவது முதலாவதைப் பற்றி.

விஷுவல் நாவல் ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. திரையில் படம், கீழே எழுத்து. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் சொடுக்கிச் சொடுக்கிப் படித்துக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே கதை நின்று "என்ன சொல்கிறாய்?" என்று கேட்கும். இரண்டு மூன்று பதில்கள் இருக்கும். நாம் எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப ஒருவர் நெருங்குவார், ஒருவர் விலகுவார். தப்பாகப் போனால் பழைய இடத்துக்குத் திரும்பி வேறு பதில் சொல்லிப் பார்க்கலாம். வாழ்க்கையில் இல்லாத வசதி.

இரண்டு பக்கமும் எங்களுக்குத் திட்டு விழுந்தது. களத்தில் பல வருடம் நின்ற மூத்த தோழர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேரியில வீடு எரியுது, நீங்க பொம்மைய லவ் பண்ணிட்டு இருக்கீங்க" என்றார். விடுதி நண்பன் ஒருவன், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, "டேய், கேம்ல கூடவாடா சாதி பாப்பீங்க?" என்றான்.

மூத்த தோழருக்குப் பதில் சுருக்கமானது. தோழர், உங்கள் தலைமுறை காதலைச் சினிமாவில் கற்றது. 1992-இல் 'தேவர் மகன்' வந்தபோது அது வெறும் படம் என்று நீங்கள் விட்டுவிடவில்லை. அதன் பாட்டு எந்தத் திருவிழாவில், யார் வீட்டு வாசலில் ஒலிக்கப்போகிறது என்று பார்த்துப் பேசினீர்கள். இன்று பதினேழு வயதுப் பிள்ளை காதலைச் சினிமாவில் மட்டும் கற்கவில்லை, இதிலும் கற்கிறாள். அதனால் இதையும் படித்துத்தான் ஆக வேண்டும். அவ்வளவுதான்.

விடுதி நண்பனுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நண்பா, சாதியை நாங்கள் கொண்டுபோய் வைக்கவில்லை. பிறப்பு அங்கே முதல் காட்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஐரிஸ் அகாடமியின் உலகத்தில் மந்திரக் குடும்பங்கள் உண்டு. தாத்தா மந்திரவாதி, அப்பா மந்திரவாதி, பிள்ளையும் மந்திரவாதி. அந்தக் குடும்பங்களுக்கு வெளியே, சாதாரண வீட்டில் எப்போதாவது ஒரு பிள்ளைக்கு மந்திரம் வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வைல்ட்சீட்'. காட்டு விதை. யாரும் விதைக்காமல், வேலிக்கு வெளியே தானாக முளைத்தது. நம் நாயகி அப்படி முளைத்தவள். அவள் முன்னால் வைக்கப்படுவது ஒரே நிபந்தனை: அவர்களுடைய பள்ளிக்கு வந்து அவர்களுடைய முறைப்படி கற்றுக்கொள், இல்லாவிட்டால் உன் மந்திரத்தை விட்டுவிடு.

இந்தச் சொல்லை வேறொருவர் வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1980-இல் எழுதிய நாவலின் பெயரும் 'வைல்ட் சீட்'தான். அதில் ஆயிரக்கணக்கான ஆண்டு வயதான ஒருவன், சக்தி உள்ள மனிதர்களை மாடுகளைப்போல் இனம் பார்த்துச் சேர்த்துப் பெருக்குகிறான். அவனுடைய பட்டிக்கு வெளியே பிறந்த சக்தி உள்ளவர்கள் அவன் கணக்கில் காட்டு விதைகள். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது, எந்தப் பண்ணைக் கணக்கிலிருந்து வருகிறது என்பதை பட்லர் ஒவ்வொரு பக்கத்திலும் காட்டிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் ஆடிய விளையாட்டில் அது ஒரு விவரம். ஹார்ஸ் ஹால், ஸ்நேக் ஹால் என்று விடுதிக்குப் பெயர் இருப்பதுபோல் இதுவும் ஒரு பெயர், தெரிந்துகொண்டு மேலே போக வேண்டியது.

எங்களால் அப்படிப் போக முடியவில்லை. எங்களில் ஒருத்தி பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். அந்த வார்த்தை முதலில் வந்த இடத்தில் சொடுக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்க காலேஜ்ல முதல் நாள் என் பேரக் கேக்குறதுக்கு முன்னாடி கட்-ஆஃப் எவ்வளவுன்னு கேட்டாங்கக்கா." கட்-ஆஃப் என்பது அங்கே வெறும் எண் இல்லை என்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எண்ணைச் சொன்ன மறு நொடி கேட்டவரின் கண்ணில் ஒரு கணக்கு ஓடும். பிறகு "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வோடு நான்கு வருடம் வாழ வேண்டும். நாயகியின் அறைத் தோழிகள் இரண்டு பேர். வர்ஜீனியா பழைய மந்திரக் குடும்பத்துப் பெண். எல்லன் நாயகியைப்போலவே காட்டு விதை, விடாமல் படிக்கிறவள், மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று துருவித் துருவிக் கேட்கிறவள். மூன்று பேரும் ஒரே அறை. ஒருத்திக்கு இது வீட்டின் நீட்சி, மற்ற இருவருக்கும் நுழைவுத்தேர்வு. விளையாட்டு எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பதுதான் எங்களை இழுத்து உட்கார வைத்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், இதில் நல்லவை நிறைய. நாயகியின் தோற்றத்தை, தோலின் நிறம் உட்பட, நாமே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் நாயகி எங்களில் மிகவும் கறுப்பானவளைவிடக் கறுப்பு. அவள் மந்திரக்கோலைத் தூக்கியபோது அறையில் விசில் பறந்தது. நாயகி ஒரு பெண்ணைக் காதலிக்கலாம். எல்லனோடு போகும் பாதைதான் எங்கள் ஐந்து பேருக்கும் பிடித்தது. இரண்டு காட்டு விதைகள், யாரிடமும் அனுமதி கேட்காமல். வாரா வாரம் எந்த நாளில் எந்த வகுப்பு என்று நாமே திட்டமிட வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று மந்திரத்துக்கு ஐந்து நிறங்கள். தேர்வு என்றால் எழுதுவது கிடையாது, நிலவறையில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒரு சிக்கலுக்கு ஒரே விடை என்பது இல்லை. சுவரை உடைக்கலாம், காவலுக்கு நிற்பதை ஏமாற்றலாம், வேறு மந்திரம் தெரிந்தால் சண்டையே போடாமல் வெளியே வரலாம். நீ எதைக் கற்றாயோ அதை வைத்துத் தப்பி வா என்கிறார்கள். மனப்பாடம் செய்து வாந்தியெடுக்கச் சொல்லும் பள்ளியில் படித்த எங்களுக்கு இது பொறாமையாகவே இருந்தது.

ஆனால் நிலவறையில் இத்தனை வழி வைத்தவர்கள் பகல் வெளிச்சத்தில் ஏன் ஒரே வழி வைத்தார்கள்?

டேமியன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டேமியன் ரேம்ஸி, பேய்க்குலத்து ரத்தம் உள்ளவன். பார்த்தாலே வேற்றாள் என்று தெரியும். "அவன்கிட்ட சேராத" என்று நாயகியை எச்சரிக்கிறார்கள். அவனோ நாயகியிடம் அன்பாகப் பேசுகிறான், எல்லோரும் பிறப்பை வைத்தே தன்னை எடைபோடுகிறார்கள் என்கிறான். எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஐந்து பேரும் ஒட்டுமொத்தமாக அவன் பக்கம். எச்சரித்தவர்களைத் திட்டித் தீர்த்தோம். "இவனுங்க நம்ம ஊரு பசங்களத்தான் இப்படிச் சொல்லுவானுங்க" என்றான் எங்களில் ஒருவன். அவனுக்கு அனுபவம் உண்டு, கிண்டிக் கேட்கவில்லை. எந்தப் பதில் டேமியனை நெருங்க வைக்குமோ அதையே தொட்டுக்கொண்டு போனோம்.

கடைசியில் தெரிகிறது, அவன் குறிவைத்தது நாயகியின் ஆன்மாவை.

அந்த ராத்திரி யாரும் பேசவில்லை. கதை எழுதும் உத்தி என்ற வகையில் அது நல்ல திருப்பம்தான். வசீகரமான பையனை நம்பி ஏமாறாதே என்று இளம் பெண்ணுக்குச் சொல்வதில் எங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு யாரை எடுத்தார்கள் என்று பாருங்கள். பள்ளியில் மந்திரக் குடும்பத்துப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை ஏமாற்றுக்காரனாக்கி இருக்கலாம். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவனை எடுத்து, ஒதுக்கியவர்களின் சந்தேகம் நியாயம்தான் என்று கதையே முத்திரை குத்திவிட்டது. "ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நம்ம வீட்டுப் பொண்ணுங்கள மயக்குறானுங்க" என்று நம் மாநிலத்தில் மேடை போட்டுப் பேசினார்களே, அந்தப் பேச்சின் அதே எலும்புக்கூடு. விளையாட்டை எழுதியவர்கள் அந்த மேடையைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். கேள்விப்படாமலேயே அதே கதையை எழுத முடிகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த எல்லன் பாதையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், சுவரைத் தாண்டும் காதல் இந்தக் கதையில் எந்தத் திசையில் போகிறது? கீழே பிறந்த பெண்ணை மேலே பிறந்த ஆண் ஏற்றுக்கொள்கிறான். வர்ஜீனியாவின் அண்ணன் டொனால்டைக் காதலித்தால் நாயகி அந்தப் பழைய குடும்பத்தின் கதவுக்குள் நுழைகிறாள். இனிப்பான கதை. மந்திரப் பள்ளிக் காதல் கதைகளில் பாதிக்கு மேல் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மனுவுக்கு இது புதிதில்லை. மேல் வருணத்து ஆண், கீழ் வருணத்துப் பெண் என்றால் அது அனுலோமம், மயிர் போகும் திசையில் தடவுவது. முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். திசை மாறினால் பிரதிலோமம். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையைச் சண்டாளன் என்று எழுதி வைத்திருக்கிறது மனுஸ்மிருதி.

நம் மண்ணில் கொலை விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது திசையில்தான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். இளவரசன், திவ்யா என்று இரண்டு பேர் காதலித்து மணந்துகொண்டார்கள், அதற்காக. 2013 ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே பொறியியல் மாணவர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அருகில் இருந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர் பிழைத்து வந்து இன்றும் பேசுகிறார். இந்த இரண்டு கதையிலும் பையன் சேரிக்காரன். சுவரின் இந்தப் பக்கத்துப் பையன் அந்தப் பக்கத்துப் பெண்ணைக் காதலிப்பதை டேமியன் கதையாகவும், அந்தப் பக்கத்துப் பையன் இந்தப் பக்கத்துப் பெண்ணைக் காதலிப்பதை டொனால்ட் கதையாகவும் எழுதினால், அதற்குப் பெயர் கற்பனை உலகமா?

ஆசிரியர் பாதையைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. பேராசிரியர் கிராபினர், கடுகடுப்பானவர். ஒரு மந்திர ஆபத்திலிருந்து நாயகியைக் காப்பாற்ற அவரே அவளை மணக்க நேர்கிறது. மதிப்பெண் போடுகிறவர், தண்டனை தருகிறவர், கணவர், எல்லாம் ஒரே ஆள். ரசிகர்களுக்கு அவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறதுபோல. கைடு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் வாசலில் நின்ற எங்கள் ஆய்வு மாணவருக்கு அந்தப் பாதையைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. தொடவில்லை.

இப்போது அண்ணலிடம் வருவோம். 1936-இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிப்பதற்கென்றே வைத்திருந்த சங்கம். உரையின் அச்சுப் படியைப் பார்த்ததும் பயந்துபோய் மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். 'சாதியை அழித்தொழித்தல்' என்று நாம் படிப்பது அதுதான். அதில் அவர் கலப்பு மணத்தைச் சாதி நோய்க்கு உண்மையான மருந்து என்கிறார். நம் மேடைகளில் அடிக்கடி இதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் நிறுத்தவில்லை. அந்த மருந்தை மக்கள் ஏன் குடிக்க மறுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறார். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் மறுக்கவில்லை, சாஸ்திரம் புனிதம் என்று நம்புவதால் மறுக்கிறார்கள் என்கிறார். கை வைக்க வேண்டிய இடம் அந்த நம்பிக்கை என்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதிக்குத் தீ வைத்துக் காட்டியும் இருந்தார்.

எங்களுக்கு இந்த விளையாட்டோடு உள்ள சண்டை இதுதான். மருந்தைத் தருகிறார்கள். யாரையும் காதலி, எல்லையைத் தாண்டிக் காதலி, பெண்ணையும் காதலி என்கிறார்கள். சாஸ்திரத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் சேர், இல்லாவிட்டால் மந்திரத்தை இழ என்ற விதியை யார் போட்டார்கள்? காட்டு விதை என்ற பெயரை யார் வைத்தார்கள்? வேலியை எவன் நட்டான்? நாங்கள் ஆடிய எந்தப் பாதையிலும் இதைக் கேட்க ஒரு பதில்கூட நாயகியின் வாயில் வைக்கப்படவில்லை. வகுப்புப் பொருளாளர் தேர்தலில் நிற்கலாம். சுவரை உடைக்கும் மந்திரம் தெரிந்த ஒருத்திக்கு, சுவர் ஏன் என்று கேட்கும் வாக்கியம் மட்டும் கற்றுத்தரப்படவில்லை.

"அது அமெரிக்காக்காரங்க கற்பனை, அதுக்கும் நமக்கும் என்ன?" என்று விடுதி நண்பன் இங்கே குறுக்கிடுவான். நண்பா, மந்திரப் பள்ளி அவர்களுக்குக் கற்பனை. நமக்கு அது வழக்கு எண் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம்.

மந்திரம் என்ற சொல்லே நம்மிடம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி. வருணத்துக்கே வெளியே வைக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிறப்பால் மந்திரம், பிறப்பால் மந்திரமின்மை என்று ஹனாகோ கேம்ஸ் எழுதியதை இங்கே எப்போதோ எழுதிவிட்டார்கள்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. கோயில்களோடு சேர்த்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். நிஜமான மந்திரப் பள்ளிகள். தமிழ்நாட்டின் காட்டு விதைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், பட்டியல் சாதிப் பிள்ளைகளும் போனார்கள். ஆகமம் படித்தார்கள், மந்திரம் படித்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் தேறி வந்தார்கள். விளையாட்டாக இருந்தால் இந்த இடத்தில் நடன விருந்து, காதலரோடு கடைசிக் காட்சி, பெயர்ப் பட்டியல். இங்கே வழக்கு. கருவறை தங்கள் பரம்பரைச் சொத்து என்றவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஆணையை ரத்து செய்யவில்லை, ஆனால் நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்தியே வைத்தது. பயிற்சி முடித்தவர்களில் ஒரு சிறு பகுதிக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கையில் வந்தது. மந்திரம் கற்று முடித்தவர் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வேறு வேலை பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பள்ளி திறந்துவிட்டால் போதும், உள்ளே விட்டுவிட்டால் போதும், திறமையைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லும் ஒவ்வொரு மந்திரப் பள்ளிக் கதைக்கும் எங்கள் பதில் அந்தப் பதின்மூன்று ஆண்டு.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைக் கூடங்களாகப் பிரிப்பதும், கூடத்துக்கொரு அடையாளம் கொடுப்பதும் மந்திரப் பள்ளிக் கதைகளின் பெரிய கவர்ச்சி. தன்னை எந்தக் கூடத்தில் போடுவார்கள் என்று பார்க்க நம் பிள்ளைகள் ஆசை ஆசையாக வினாடி-வினா ஆடுகிறார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறம் சொல்லிவிடும், இவன் எந்தத் தெரு என்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியதை வெளியே சொன்னார், அதுதான் குற்றம். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை கேட்டது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்கச் சொன்னது. அறிக்கை வந்ததும் எந்தெந்தப் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது என்பது நினைவிருக்கும்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் தாய்வீடான ஹாரி பாட்டரிலும் போய்ப் பார்த்தோம். 1997-இல் முதல் புத்தகம். சேற்று ரத்தம் என்று இழிவாகத் திட்டுகிறவர்கள் அதில் வில்லன்கள், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கித் துடைப்பவர் யார்? ஆர்கஸ் ஃபில்ச். மந்திரக் குடும்பத்தில் மந்திரமில்லாமல் பிறந்தவர். தபால் வழியில் மந்திரம் கற்க அவர் ரகசியமாகப் பணம் கட்டியது தெரிந்துபோகும் இடம் நகைச்சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் கையை அசைத்தால் அழுக்கு போய்விடும் உலகத்தில், மந்திரமில்லாத ஒருவரின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அவர் சிடுசிடுக்கிறார் என்று சிரிக்கிறார்கள். சமையல் செய்யும் குட்டிப் பிறவிகளோ அடிமையாக இருப்பதில் சந்தோஷமாம், அவற்றுக்காகச் சங்கம் வைத்த பெண் பிள்ளையும் கேலிப்பொருள். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த இடத்தில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐரிஸ் அகாடமியின் கழிவறையை யார் கழுவுகிறார்கள் என்று தேடினோம், நாங்கள் ஆடியவரை யாரும் கண்ணில் படவில்லை.

எழுத முடியாது என்பதில்லை. அர்சுலா லெ குவின் 1968-இல் 'எர்த்சீ'யின் முதல் புத்தகத்தில் ஒரு மந்திரப் பள்ளியை எழுதினார். ஆடு மேய்த்த, கொல்லன் மகனான, கருஞ்சிவப்புத் தோல்காரப் பையனை அதில் சேர்த்தார். ஆனால் அந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடம் வைக்கவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 1990-இல் 'தெஹானு'வில் அதே உலகத்துக்குத் திரும்பிப் போய், தான் போட்ட சட்டத்தையே ஒரு விதவையின், ஒரு தீக்காயம்பட்ட சிறுமியின் கண்ணிலிருந்து எழுதினார். எழுதியவரே தன் சாஸ்திரத்தைத் திறந்து பார்க்க முடியும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

நாங்கள் ஆடி முடித்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 'மேஜிக்கல் டைரி' ரென்பை என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. ரென்ஆய் என்றால் ஜப்பானியத்தில் காதல், பைதான் என்பது நிரல் மொழி, இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். யாரும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது, எங்களுடைய பழைய மடிக்கணினியே தாங்குகிறது. முன்பெல்லாம் அதில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறும், இப்போதைய பதிப்பில் ஒழுங்காக வருகிறது. பொறியியல் படிக்கும் தோழி இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள்.

முதல் காட்சி அவளுடையதுதான். பெண்கள் விடுதி, முதல் நாள் இரவு. தகரப் பெட்டி, பக்கெட், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். கதவைத் திறந்துகொண்டு மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி வருகிறாள். சிரிக்கிறாள். "உன் கட்-ஆஃப் எவ்வளவும்மா?" திரை நிற்கிறது. தேர்வுகள் மூன்று. எண்ணைச் சொல். இருபது கூட்டிச் சொல். "உங்க கட்-ஆஃப் எவ்வளவுக்கா?" என்று திருப்பிக் கேள்.

முதல் இரண்டுக்கும் கதை எழுதியாகிவிட்டது. மூன்றாவதில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒருவன், அக்கா வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறான். "எந்த ஊர்லடா கேட்டிருக்காங்க?" என்று மற்றவர்கள் அடிக்க வருகிறார்கள். அக்கா முறைத்துவிட்டுப் போய், மறுநாள் மெஸ்ஸில் ஒருத்தரும் பக்கத்தில் உட்காராமல் இருக்கட்டும் என்கிறாள் இன்னொருத்தி. எழுதிய தோழி இரண்டையும் ஏற்கவில்லை. திருப்பிக் கேட்ட சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கட்டும், அங்கே இதே கேள்விக்குப் போன வருடம் இருபது கூட்டிச் சொன்ன ஒருத்தி இருக்கிறாள், அவள் எழுந்து வரட்டும் என்கிறாள். அவள் வந்து என்ன பேசுவாள் என்பதற்கு இதுவரை ஏழு வடிவம் எழுதிக் கிழித்தாயிற்று. அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம்.